விற்பவரே வாத்தியார் ஆனால்...

2024 ஏப்ரல் 10 அன்று ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்ஸ்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்பது அதன் சாரம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டியிருந்தது. அதே மாதத்தில், ஹார்லிக்ஸை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவரும் தன் ‘ஹெல்த் ஃபுட் டிரிங்க்ஸ்’ பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டது. பிள்ளை உயரமாவான், பரீட்சையில் முந்துவான் என்று நம்பித் தலைமுறை தலைமுறையாகப் பெற்றோர் பாலில் கலக்கிக் கொடுத்த பொருளுக்குச் சட்டத்தில் அப்படியொரு தகுதியே இல்லை என்பது இவ்வளவு காலம் கழித்துத்தான் தெரியவந்தது. அதையும் எந்த அரசு அலுவலகமும் தானாக எடுத்துச் சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரை குறித்து ஒரு காணொளி போட்டார். ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். நிறுவனம் மறுப்புத் தெரிவித்து வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, அவர் காணொளியை நீக்கி மன்னிப்பும் கேட்டார். அதற்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டதால் ஆணையம் தலையிட வேண்டியதாயிற்று.

இந்தச் செய்தியில் பெங்களூருக்குத் தனிப் பங்கு உண்டு. அந்த அறிவுரை எந்த வகை நிறுவனங்களுக்குப் போனதோ, அவற்றின் தலைநகரம் இதுதான். ஃபிளிப்கார்ட், பிக்பாஸ்கெட், ஸ்விக்கி மூன்றும் இங்கிருந்து கிளம்பியவை. கலோரி கணக்குப் பார்க்கும் ஹெல்திஃபைமீ செயலி 2012இல் பிறந்ததும் இங்கேதான். எந்தப் பண்டத்தை எந்தத் தலைப்பின் கீழ் அடுக்குவது என்று இந்த நகரத்து அலுவலகங்களில் எடுக்கும் முடிவு, நாடு முழுவதும் உள்ள கைப்பேசித் திரைகளில் ‘இதுதான் சத்துணவு’ என்ற பாடமாகப் போய்ச் சேருகிறது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு இன்று உணவைப் பற்றிய தகவல் வரும் வழிகளைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வெந்தயத் தண்ணீர் வைத்தியம் வருகிறது. நடைப்பயிற்சி முடிந்து பூங்காவை விட்டு வருவோருக்கு வாசலிலேயே பாகற்காய்ச் சாறும் அறுகம்புல் சாறும் காத்திருக்கின்றன. ஜிம்மில் புரதப் பொடி டப்பாவைப் பயிற்சியாளரே எடுத்துக் கொடுக்கிறார். ரீல்ஸில் ஒருவர் விதை எண்ணெய் விஷம் என்கிறார்; அவர் பக்கத்திலேயே செக்கு எண்ணெய் வாங்கும் இணைப்பும் இருக்கிறது. இவற்றில் சில சரி, சில தவறு. பரிந்துரைப்பவரும் விற்பவரும் ஒரே ஆள் என்பதில் மட்டும் பெரும்பாலும் வேறுபாடில்லை.

மக்களுக்கு உணவு குறித்த விழிப்புணர்வு போதவில்லை என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. உண்மையில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. விற்பவரின் குரல் ஓயாமல் கேட்கிறது. விற்க எதுவும் இல்லாத, ஆய்ந்து சொல்லும் பொதுக் குரல் மட்டும் மக்கள் பொருளை எடுக்கும் இடத்தில் கேட்பதில்லை. பாக்கெட்டின் முகப்பில், செயலியின் திரையில், ரேஷன் கடையில், பள்ளித் தட்டில் அந்தக் குரல் ஒலிக்காதவரை, ‘விவரமாகப் பார்த்துச் சாப்பிடுங்கள்’ என்று மக்களுக்குப் புத்தி சொல்வதில் பொருளில்லை.

பாக்கெட்டின் முன்னும் பின்னும்

கடையில் விற்கும் ராகி பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். முன்பக்கத்தில் முற்றிய ராகிக் கதிர், மண் நிறம், ‘பாரம்பரியம்’ என்ற சொல். திருப்பினால் மடிப்புக்கு அருகே பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பல பாக்கெட்டுகளில் முதலில் வருவது மைதா. அடுத்துச் சர்க்கரை, பாமாயில். ராகி அதற்கும் பின்னால் ஒரு சிறு சதவீதமாக நிற்கும். முன்பக்கம் சொன்னது பொய் என்று வழக்குப் போட முடியாது, ராகி இருக்கத்தான் இருக்கிறது. நாட்டிலேயே அதிகமாக ராகி விளைவது கர்நாடகத்தில்தான். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தலைமுறைகளாக ராகிக் களியான முத்தேயும் கீரைக் குழம்பான சொப்பு சாரும் சேர்த்து வைத்த நற்பெயரை ஒரு மைதா பிஸ்கட் கடன் வாங்கிக்கொள்கிறது. வாங்குபவர் ஏமாளி என்பதால் இது நடக்கவில்லை. கண்ணில் படும் பக்கம் விற்பவருக்கும் கண்ணில் படாத பக்கம் சட்டத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டிருப்பதால் நடக்கிறது.

அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியது, வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 2024 மே மாதம் அது வெளியிட்ட 17 வழிகாட்டுதல்கள் தெளிவானவை. நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவுமுறை காரணம் என்று அது மதிப்பிட்டது. பாக்கெட் மேல் எழுதியுள்ள ஆரோக்கிய வாசகங்களை நம்பிவிட வேண்டாம் என்றும் எச்சரித்தது. இத்தனையும் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆங்கில ஆவணமாக இணையத்தில் இருக்கிறது. யஷ்வந்த்பூர் சந்தையில் மூட்டை தூக்குபவரும் எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவுப் பணி பார்ப்பவரும் அதைத் தேடிப் படிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். விளம்பரம் வீடு தேடி வருகிறது. அறிவியலை மட்டும் நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

மருத்துவரிடம் கேட்கலாமே என்பார்கள். பல நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் அது இரண்டு நிமிடத்தை ஒட்டியது என்றது. ‘இனிப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க’ என்பதற்கு மேல் அந்த இரண்டு நிமிடத்தில் என்ன சொல்ல முடியும்? உணவியல் வல்லுநர்கள் உள்ளிட்ட துணை மருத்துவத் துறையினரை முறைப்படுத்த 2021இல் சட்டமே வந்தது. உடல்நலம் பற்றிப் பேசும் சமூக ஊடகப் பிரபலங்கள் தங்கள் தகுதியை வெளிப்படுத்த வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ஒன்றிய நுகர்வோர் துறையும் வழிகாட்டுதல் தந்தது. ஆனால், தகுதி பெற்ற டயட்டீஷியனின் ஆலோசனை பெரும்பாலும் தனியார் மருத்துவமனைக் கட்டணத்துக்குள்தான் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பது ரீல்ஸ் மட்டுமே.

பாட்டி சொல்லும் பாடம்

இதற்கெல்லாம் பாட்டி கைப்பக்குவமே போதும், நிபுணர் எதற்கு என்ற வாதமும் வலுவாக ஒலிக்கிறது. பாதி நியாயம் அதில் உண்டு. பருவத்துக்கு ஏற்ற காய், கீரை, பயறு, மோர் என்ற பழைய ஒழுங்கை எந்தச் செயலியும் மிஞ்சிவிடவில்லை. மறுபாதியையும் பார்க்க வேண்டும். அந்தச் சாப்பாடு வயலில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த உடலுக்கானது. வெளிவட்டச் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம், நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்காரும் உடலுக்கு அதே அளவு சோறு ஒத்துவராது. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய ‘இந்தியாப்’ ஆய்வின்படி நம் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வீட்டின் வழக்கத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைப் பெண் சாப்பிட வேண்டும் என்பதும் அதே மரபுதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கர்நாடகத்தில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 47.8 சதவீதத்தினருக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 65.5 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருப்பதாகக் கண்டது. அதே மாநிலத்தில் பெண்களில் 30 சதவீதத்தினருக்கு உடல் எடை அதிகம். ஒரே ஊரில் குறைவும் மிகுதியும் சேர்ந்து வாழும்போது, வீட்டு வழக்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

முட்டை சொன்ன பாடம்

பொதுக் குரல் எப்படித் தடுமாறும், எப்படி வெல்லும் என்பதற்குக் கர்நாடகத்தின் முட்டை விவகாரத்தைவிட நல்ல சான்று கிடையாது. 2021 டிசம்பரில், ஊட்டக்குறை அதிகமுள்ள பீதர், ராய்ச்சூர், கலபுர்கி, யாத்கிர் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் மதிய உணவில் முட்டை சேர்க்கப்பட்டது. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். மடாதிபதிகள் சிலர் எதிர்த்துப் போராட்டம் அறிவித்தனர். முட்டையைத் தடுத்தால் உங்கள் மடத்துக்கே வந்து சாப்பிடுவோம் என்று கொப்பள் மாவட்டத்துச் சிறுமி ஒருத்தி பேசிய காணொளி மாநிலம் முழுக்கப் பரவியது. அதைவிட வியப்பு 2022இல் வந்தது. தேசியக் கல்விக் கொள்கைக்காக மாநில அரசு அமைத்த குழு ஒன்றின் அறிக்கை, முட்டையும் இறைச்சியும் தொடர்ந்து கொடுத்தால் குழந்தைகளுக்கு வாழ்க்கைமுறை நோய்கள் வரக்கூடும் என்றது. எலும்பும் தோலுமாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு வாரம் சில முட்டை ஆபத்து என்று சொன்னது வாட்ஸ்அப் வதந்தி கிடையாது, அரசு முத்திரையோடு வந்த ஆவணம். மருத்துவர்களும் ஊட்டச்சத்து ஆய்வாளர்களும் அதைக் கடுமையாக மறுத்தார்கள்.

தீர்த்து வைத்தது தட்டுதான். முட்டை பெற்ற யாத்கிர் மாவட்டக் குழந்தைகளையும் பெறாத கதக் மாவட்டக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு, முட்டை பெற்ற குழந்தைகளிடம் எடை கூடியதைக் காட்டியது. அடுத்து முட்டை மாநிலம் முழுவதற்கும் போனது; ஆட்சி மாறிய பின் பத்தாம் வகுப்புவரை நீண்டது. 2024 ஜூலையில் பெங்களூரைச் சேர்ந்த அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்றாண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாய் தர ஒப்பந்தம் செய்ததால், அரசு தந்த இரண்டு நாள் முட்டை வாரம் ஆறு நாளானது. தமிழ்நாட்டில் 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, இன்று வாரம் ஐந்து என்று வளர்ந்திருக்கும் சத்துணவு முட்டையும் இதே வழியில் வந்ததுதான். முட்டை நல்லதா என்று இப்போது ஒரு தாய் சுவரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பள்ளிக்கூடமே கொடுக்கிறது என்பதே அவளுக்குத் தகவல். அரசு எதை வாங்கித் தருகிறதோ அதுவே அது பேசும் மிகப் பெரிய பேச்சு. அந்தக் கணக்கில் பார்த்தால், மாநிலத்தின் இலவச அரிசித் திட்டமான அன்னபாக்யத்தின் கூடுதல் ஐந்து கிலோ அரிசிக்குப் பதிலாகத் துவரம் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் அடங்கிய பெட்டகம் தருவதென்று 2025 அக்டோபரில் மாநில அமைச்சரவை எடுத்த முடிவுக்கு இரண்டு நாக்கு. பருப்பு சொல்வது சரியான பாடம். சர்க்கரையும் உப்பும் சொல்வதை நீரிழிவுப் பிரிவு மருத்துவர்தான் பின்னால் திருத்த வேண்டியிருக்கும்.

தள்ளுவண்டிக்கு வேகம், கம்பெனிக்குத் தவணை

அரசால் விரைந்து பேச முடியாது என்று சொல்ல இடமில்லை. கோபி மஞ்சூரியனில் எடுத்த 171 மாதிரிகளில் 107இல் செயற்கை நிறமிகள் இருந்தன. பஞ்சு மிட்டாயில் 25க்கு 15. 2024 மார்ச்சில் சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் அந்த நிறமிகளுக்கு உடனே தடையை அறிவித்தார். ஏழாண்டுச் சிறை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. 2025 பிப்ரவரியில் இட்லித் தட்டில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் போடுவது 52 இடங்களில் தெரிந்ததும் அதற்கும் தடை வந்தது. இரண்டும் சரியான நடவடிக்கைகள். பாக்கெட் உணவின் கதை வேறு. முகப்பில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவைக் காட்டும் முறைக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் வரைவு வெளியிட்டது. அதுவும் எச்சரிக்கையாக இல்லாமல், நட்சத்திர மதிப்பெண்ணாக இருந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்தது; கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. ஏ1, ஏ2 என்று பால் பாக்கெட்டில் எழுதுவது மக்களைத் திசைதிருப்பும் என்று 2024 ஆகஸ்ட் 21 அன்று சொன்ன அதே ஆணையம், ஐந்து நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. தள்ளுவண்டிக்காரருக்குச் சங்கம் வைத்து வாதாட வக்கீல் இல்லை; பெரிய நிறுவனங்களுக்கு இருக்கிறார்கள். வேகத்தில் தெரியும் வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

நிறமி நஞ்சு, சர்க்கரை அப்படியல்ல, இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா என்று கேட்கலாம். சர்க்கரையைத் தடை செய் என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணில் படுமாறு சொல் என்பதுதான் கோரிக்கை. சொன்னால் மட்டும் மாறிவிடுவார்களா, சிகரெட் பெட்டியில் படம் போட்டும் புகைக்கிறார்களே என்பது அடுத்த ஆட்சேபம். சிலி நாடு 2016இல் அதிகச் சர்க்கரை, உப்பு உள்ள பண்டங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரத்துக்கும் பள்ளி விற்பனைக்கும் சேர்த்தே தடை போட்டது. அடுத்த ஒன்றரை ஆண்டில் இனிப்புப் பானங்களின் கொள்முதல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வு சொன்னது. முத்திரை மட்டுமே அதைச் சாதிக்கவில்லை என்பது உண்மை. முகப்பும் விளம்பரமும் பள்ளியும் ஒரே குரலில் பேசியதன் விளைவு அது. இங்கு சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது நல்ல தொடக்கம். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளை, பெட்டிக்கடையில் வேறொரு பாடம் படிக்கக் கூடாது.

அரசு சும்மா இருந்தாலும் ஹிமத்சிங்கா போன்றவர்கள் இருக்கிறார்களே, சமூக ஊடகமே தன்னைத் திருத்திக்கொள்ளுமே என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷின் போராட்டத்தைப் பாருங்கள். நீரிழப்புக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் பெயரில் விற்கப்பட்ட, சர்க்கரை பல மடங்கு கூடுதலான பானங்களை எதிர்த்து அவர் எட்டு ஆண்டுகள் அலைந்த பிறகே, 2025 அக்டோபரில் அந்தப் பெயருக்குத் தடை வந்தது. வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைக்கு எது கொடுப்பது என்ற அடிப்படைத் தகவலுக்கு ஒரு தனிமனிதர் எட்டு ஆண்டு போராட வேண்டியிருந்தது. இந்தப் பெங்களூரிலேயே 2023 செப்டம்பரில் மூலிகைப் பொருள் தயாரிக்கும் ஹிமாலயா நிறுவனத்தின் மனு மீது உரிமையியல் நீதிமன்றம், எதிர்த்தரப்பைக் கேட்காமலே, அதன் பொருள்களை விமர்சித்த கேரளக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸின் எக்ஸ் கணக்கை முடக்கச் சொன்னது. சர்ச்சைக்குரிய பதிவுகளை மறைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் உயர் நீதிமன்றம் அடுத்த மாதம் கணக்கை மீட்டுக் கொடுத்தது. வழக்கின் நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும், கேள்வி கேட்பவர் எவ்வளவு எளிதில் வாயடைக்கப்படுவார் என்பதை அது காட்டியது. பொதுமக்களின் உணவறிவைச் சில துணிச்சல்காரர்களின் தலையில் கட்டிவிடுவது நாகரிக அரசுக்கு அழகல்ல. பின்தொடர்வோர் பெருகியதும் அதே மேடையில் சொந்தப் பொடி விற்பவர்களும் பலர்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. முட்டை கெடுதல் என்று அறிக்கை எழுதிய அரசை எப்படி நம்புவது? அறிவியலும் நேற்று ஒன்று இன்று ஒன்று சொல்கிறதே, கொலஸ்ட்ராலுக்குப் பல்லாண்டுகளாக வைத்திருந்த 300 மில்லிகிராம் வரம்பை அமெரிக்கா 2015இல் கைவிட்டதே? நம்ப வேண்டியது ஆட்சியாளரை இல்லை. அவர் சொல்வதைத் திருத்த வழியிருக்கும் முறையை. முட்டை அறிக்கை பொதுவெளியில் கிடைத்தது, மறுக்கப்பட்டது, தரவு வந்தது, கொள்கை வேறு பக்கம் நகர்ந்தது. விளம்பரத்தை அப்படித் திருத்த வழியில்லை. அடுத்த விளம்பரம்தான் வரும். அறிவியல் மாறியதும் ஓரங்களில்தான்: பயறு, காய், பழம் கூடட்டும், சர்க்கரை, உப்பு, பொரித்தது குறையட்டும் என்ற நடுப்பகுதி பல பத்தாண்டுகளாக அசையவில்லை. ஆகவே, ஆலோசனை சொல்லும் அமைப்பில் உணவு நிறுவனங்களின் பிரதிநிதிக்கும் மடத்தின் பிரதிநிதிக்கும் வாக்கு இருக்கக் கூடாது. அது எடுக்கும் முடிவும் அதற்கான சான்றும் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் வெளிவர வேண்டும்.

டெல்லியின் லேபிள் விதி வரும்வரை கர்நாடகம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் சில நிமிடங்களில் பொருள் கொண்டுவரும் நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. விலைக்குப் பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை தேக்கரண்டிச் சர்க்கரை என்று காட்டும்படி மாநில அரசு அவற்றை உட்காரவைத்துப் பேச முடியும். பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்ற விதி ஏட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அது மெனு அட்டையில் இருக்கிறதா என்று பார்க்க மாநில அதிகாரி போதும். நகரத்து வார்டுகளில் திறக்கப்பட்ட நம்ம கிளினிக்குகளில் வாரம் இரண்டு நாளாவது ஒரு டயட்டீஷியன் உட்காரட்டும். அரசின் மலிவு உணவகமான இந்திரா கேன்டீனின் பலகையில் விலையோடு புரத அளவையும் எழுதட்டும். ரேஷன் பெட்டகத்தில் சர்க்கரைக்கான பணம் பருப்புக்குப் போகட்டும். இவற்றில் எதற்கும் புதிய ஆராய்ச்சி தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமும் தேவையில்லை. இதையெல்லாம் செய்த பிறகும் ஒருவர் இனிப்பான பாக்கெட்டையே எடுத்தால் அது அவர் உரிமை, அதில் அரசுக்கு வேலையில்லை. அவர் எதை எடுக்கிறார் என்று தெரியாமலே எடுக்கும்படி வைத்திருப்பதற்கு மட்டும் அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.